வால்ஐ மீன் பிடிக்க: ஜிக்கா, டிரோலிங்கா?

அமெரிக்காவின் ஒகையோ பக்கம் ஈரி ஏரிக்கு, வால்ஐ (walleye) என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது.

செலவு:
ஜிக், ஈயத் தலை வைத்த தூண்டில் முள்தான்; சில்லறைக் காசில் முடியும்.
டிரோலிங், ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துச் செல்வது; அதற்கு மோட்டார் படகு, பல கோல்கள், மீன் வடிவப் போலி இரைகள் வேண்டும், பர்ஸ் இளைத்துவிடும்.

பழக்கம்:
ஜிக்கை ஏரியின் அடித்தரையில் தட்டி, சற்றே தூக்கி, நூல் தொய்யாமல் இறக்க வேண்டும். வால்ஐ பெரும்பாலும் இறங்கும்போதுதான் கவ்வும். கையில் தெரிவது மெல்லிய ஒரு 'டொக்'.
டிரோலிங்கில் படகு மெல்ல ஊர்ந்தால் போதும். ஆனால் இரை ஓடும் ஆழம் தப்பினால், அன்றைக்கு வெறும் படகுச் சவாரிதான்.

ஏப்ரலில் ஏரியின் மேற்குப் பாறைத் திட்டுகளில் முட்டையிடத் திரளும் மீனுக்கு ஜிக். கோடையில் நடு ஏரியில் சிதறித் திரியும் மீனுக்கு டிரோலிங். படகு இல்லாதவருக்கு இந்தக் கேள்வியே இல்லை.