கூட்டாளிகளுக்குச் செய்திமடல் அனுப்பும் ஒரு மதுரைச் சேவை: ஏழு மாத அனுபவம்

விளக்குத்தூணுக்கு அருகில் எங்கள் குடும்பம் நடத்தும் சுங்குடிச் சேலைக் கடையின் இணைய விற்பனையில் கணிசமான பங்கு அஃபிலியேட் கூட்டாளிகள் வழியாகவே வருகிறது. தமக்கென்று கொடுக்கப்பட்ட லிங்க்கை யூடியூப் சேனலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் பகிர்ந்து, அதன் வழியாக விற்கும் ஒவ்வொரு சேலைக்கும் கமிஷன் பெறும் இவர்கள் ஏறத்தாழ 200 பேர். இவர்களுக்கு மாதம் இருமுறை மின்னஞ்சல் செய்திமடல் தயாரித்து அனுப்பும் வேலையை, 2025 ஆனி மாதத்தில், மாதம் 6,500 ரூபாய்க்கு மதுரையிலேயே இயங்கும் ஒரு சிறு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். சுட்டிக்காட்டிய குறைகளை அவர்கள் பெரும்பாலும் திருத்திக்கொண்டதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

முதல் மடல் ஆடித் தள்ளுபடிக்கானது. பார்வைக்கு மிக அழகாக இருந்த அந்த மடல் ஆடி முதல் நாள் காலையில் போய்ச் சேர்ந்தது. அதுதான் முதல் தவறு. கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கு அன்று காலையில் சொன்னால் போதும். கூட்டாளிக்கோ சேலையை வரவழைத்து, உடுத்திப் படம்பிடித்து, வீடியோவைத் தொகுத்து வெளியிடக் குறைந்தது பத்து நாட்களாவது வேண்டும். மடலில் 'உடனே வாங்குங்கள்' என்ற பெரிய பொத்தான் இருந்தது. கமிஷன் விகிதம், கூப்பன் எண், தள்ளுபடி முடியும் தேதி, ஒவ்வொரு சேலையிலும் எத்தனை கையிருப்பில் உள்ளன என்ற விவரம் ஆகிய எதுவும் இல்லை. கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடியில் ஒரு வடிவம் தீர்ந்தால் மறுபடி வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், கையிருப்பைச் சொல்லாத மடலை நம்பி விளம்பரம் செய்யும் கூட்டாளியின் உழைப்பு வீணாகிவிடும். முடிச்சுச் சுங்குடியையும் அச்சுச் சுங்குடியையும் பிரித்துச் சொல்லாமல் எல்லாவற்றையும் 'மதுரைச் சுங்குடி' என்று ஒரே தலைப்பில் போட்டதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது. மடலை அப்படியே நம்பிய இரண்டு கூட்டாளிகள் அச்சுச் சேலையைக் கைம்முடிச்சு என்று சொல்லி விற்றுவிட, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

இவற்றைவிடக் கடுமையான பிழை இரண்டாவது மடலில் நேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் அடையாள எண்ணோடு கூடிய லிங்க் போக வேண்டிய இடத்தில், சோதனைக்காக இட்டிருந்த ஒரு கூட்டாளியின் லிங்க்கே 200 பேருக்கும் போய்விட்டது. அதை எடுத்துப் பகிர்ந்தவர்களின் விற்பனையெல்லாம் அந்த ஒருவரின் கணக்கில் விழுந்தது. மேலூரிலிருந்து ஒரு அக்கா தொலைபேசியில் அழைத்து, "தம்பி, நாலு சேலை வித்திருக்கேன், என் கணக்குல ஒண்ணும் ஏறலையே" என்று கேட்ட பிறகே எங்களுக்குத் தெரிந்தது. யார் எப்போது எங்கே பகிர்ந்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் கணக்கை நேர்செய்ய மூன்று வாரங்கள் ஆயின. வித்தியாசத்தைக் கடையே ஏற்றுக்கொண்டது. பணத்தை ஈடுகட்ட முடிந்தது. அந்த அக்காவின் குரலில் இருந்த ஐயத்தைப் போக்கத்தான் நெடுநாள் ஆயிற்று.

மூன்றாவது மடல் பலருக்கு ஸ்பேம் பெட்டிக்குள் போனது. ஒரு டொமைனின் (அஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். பதிவு எங்கள் டொமைனில் முன்பே இருந்தது. அதற்குள் தங்கள் சர்வரைச் சேர்ப்பதை விட்டுவிட்டு, இவர்கள் தனியாக இரண்டாவது பதிவு ஒன்றை இட்டிருந்தார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் பெறும் சர்வர் அதைப் பிழையென்று கொள்ளும். இதனால் கடையிலிருந்து அன்றாடம் போகும் பில் அஞ்சல்களும் சேர்ந்து பாதிக்கப்பட்டன. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோருக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். (அஞ்சலோடு போகும் மின்னணுக் கையொப்பம்), டி.மார்க் (இந்தச் சோதனைகளில் தவறும் அஞ்சலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) ஆகிய மூன்றும் கட்டாயமாகியுள்ளன. விளம்பர அஞ்சலில் ஒரே சொடுக்கில் பட்டியலிலிருந்து விலகும் வசதியும் வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. நாம் 200 பேருக்குத்தானே அனுப்புகிறோம் என்று சேவையாளர்கள் வாதிட்டார்கள். சிறிய அனுப்புநருக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்பதையும், 200 பேரில் ஒருவர் புகார் செய்தாலே அது 0.5 விழுக்காடு என்பதையும் எடுத்துக்காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

தமிழில் மடல் அனுப்புவோர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் இங்கே தெரியவந்தது. ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலின் அடிப்பகுதியை ஜிமெயில் வெட்டி மறைத்துவிடும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். 'க' என்பதற்கு 3 பைட்டும், 'கி' என்பதற்கு 6 பைட்டும் வேண்டும். நீளமான தமிழ் மடலும் அதன் ஆங்கில வடிவமும் ஒரே அஞ்சலில், கனத்த வடிவமைப்பு நிரல்களோடு சேர்ந்தபோது, கீழே இருந்த விலகல் லிங்க் மறைந்துபோனது. விலக வழி தெரியாதவர் வேறென்ன செய்வார்? ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். இப்போது மொழி வாரியாகப் பட்டியலைப் பிரித்து, சுருக்கமாகவே அனுப்புகிறார்கள்.

சில்லறைக் குறைகளும் உண்டு. கமிஷனுக்கான வரிப்பிடித்தம் 2024 அக்டோபரிலேயே 5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைந்திருக்க, மடலின் அடிக்குறிப்பில் பழைய விகிதமே இருந்தது. மாத அறிக்கையில் எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்ற எண்ணையே முதலில் காட்டினார்கள். மடலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் திறந்ததாகக் கணக்கிடுவார்கள். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பயனர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் அந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தக் கூட்டாளி எந்த லிங்க்கைச் சொடுக்கினார் என்ற பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நிறைகளையும் சொல்ல வேண்டும். தமிழைப் பிழையின்றி எழுதுகிறார்கள். கடைக்கே வந்து முந்தானையும் கரையும் தெளிவாகத் தெரியுமாறு எடுத்துத் தரும் படங்களைக் கூட்டாளிகள் அப்படியே பயன்படுத்திக்கொள்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு அழைத்தாலும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். கூட்டாளிகளின் மறுமொழி அவர்களுடைய பெட்டிக்குப் போகாமல் நேராக எங்களுக்கே வரும்படி செய்தது அவர்களுடைய யோசனை; அதனால் எங்களுக்குப் பெரிதும் நன்மை விளைந்தது.

தை மாதத்தில் ஒப்பந்தத்தை ஓராண்டுக்குப் புதுப்பித்தோம். ஒவ்வொரு மடலும் முதலில் மேலூர் அக்கா உட்பட ஐந்து கூட்டாளிகளுக்குப் போய், அவரவர் லிங்க் சரியாக இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகே மற்றவர்களுக்குப் போக வேண்டும் என்று அதில் சேர்த்திருக்கிறோம். சித்திரைத் திருவிழாவுக்கான மடல் பங்குனி முதல் வாரத்திலேயே, சேலைகளின் கையிருப்பு எண்ணிக்கையோடு போக வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.