ஆறு திருகு டிரெமலோ பிரிட்ஜ்: அளவெடுத்து வாங்கினால் நல்ல பொருள்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களில் எனக்குத் தெரிந்த பலரும் மெல்லிசைக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ இருப்பவர்கள். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் குறைந்த விலை ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவக் கிட்டார். அவர்கள் சொல்லும் முதல் குறையும் ஒன்றுதான்: சுருதியை அசைக்கப் பிரிட்ஜில் மாட்டியிருக்கும் கைப்பிடியான வாமி பாரைத் தொட்டால் சுருதி போய்விடுகிறது. என் கிட்டாரிலும் அதே நிலை இருந்ததால், கம்பிகளை உடல் பக்கம் தாங்கும் பழைய பிரிட்ஜை முழுவதுமாக எடுத்துவிட்டு, எஃகுப் பிளாக் கொண்ட ஆறு திருகு டிரெமலோ பிரிட்ஜ் ஒன்றை இணையத்தில் வாங்கிப் பொருத்தினேன். விலை 3,200 ரூபாய். ஏறக்குறைய இதே பொருள் பல பெயர்களில் விற்கப்படுவதால், பெயரைவிட அளவுகளைச் சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும்.

1954-ல் லியோ ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாருடன் அறிமுகப்படுத்திய அமைப்புதான் அடிப்படையில் இன்றும் தொடர்கிறது. மேலே ஒரு தகடு. அதன் முன்விளிம்பு ஆறு திருகுகளில் சாய்ந்து நிற்கிறது. தகட்டின் அடியில் மரத்தைத் துளைத்து இறங்கும் ஓர் உலோகப் பிளாக். கம்பிகள் ஒரு பக்கம் இழுக்க, பின்புறக் குழியில் இருக்கும் ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்கின்றன. 648 மி.மீ. நீளத்துக்கு 009 கம்பித் தொகுதியை (மிக மெல்லிய கம்பியின் தடிமன் 0.009 அங்குலம்) கட்டிச் சுருதி சேர்த்தால் ஆறு கம்பிகளின் மொத்த இழுவிசை சுமார் 38 கிலோ. 010 தொகுதி என்றால் சுமார் 46 கிலோ. இவ்வளவு விசையைத் தாங்கிக்கொண்டே தகடு ஒவ்வொரு முறையும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். மலிவான பிரிட்ஜ் தோற்பது இந்த இடத்தில்தான். என் பழைய தகட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோது, திருகுத் துளைகளின் ஓரம் நசுங்கி, பிசிறு எழும்பி, இரண்டு துளைகள் நீள்வட்டமாகவே மாறியிருந்தன. புதிய தகட்டில் துளைகளின் அடிப்புறம் சரிவாகக் கடையப்பட்டிருக்கிறது. மெல்லிய விளிம்பு மட்டுமே திருகைத் தொடுவதால் உராய்வு குறைகிறது, தகடு அங்குமிங்கும் நழுவுவதில்லை. கொடுத்த காசுக்கு நியாயம் செய்வது இந்த வேலைப்பாடுதான் என்பேன்.

வாங்குவதற்கு முன் எடுக்க வேண்டிய அளவுகளில் முதலாவது, முதல் திருகின் மையத்திலிருந்து ஆறாம் திருகின் மையம் வரையுள்ள தூரம். அமெரிக்கப் பழைய அமைப்பில் இது 56 மி.மீ.; ஆசிய நாடுகளில் தயாராகும் குறைந்த விலைக் கிட்டார்கள் பலவற்றில் 52.5 மி.மீ. வித்தியாசம் மூன்றரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. ஆறு துளைகளையும் மரக்குச்சியால் அடைத்துப் புதிதாகத் துளையிட வேண்டிவரும். என்னுடையது 52.5 ஆக இருந்ததால் புதிய தகடு அப்படியே உட்கார்ந்தது. இந்த அளவை விற்பனையாளர் படத்திலேயே குறிப்பிட்டிருந்தார், பாராட்ட வேண்டும்.

பிளாக்கின் நீளத்தை அவர் எங்கும் குறிப்பிடவில்லை. எனக்குச் செலவு வைத்தது அதுதான். ஸ்ட்ராட் கிட்டாரின் உடல் 45 மி.மீ. அளவுக்குத் தடிமனாக இருப்பது வழக்கம். மலிவான கிட்டார்களில் மரத்தைச் சிக்கனப்படுத்தி இதைக் குறைத்துவிடுகிறார்கள். என்னுடையது 40 மி.மீ. மட்டுமே. வந்த பிளாக்கின் நீளமும் ஏறத்தாழ அதுவே. பொருத்திப் பார்த்தால் பிளாக்கின் அடிப்பகுதி உடலின் பின்புறத்தோடு சமமாக வந்து நின்றது; பின்மூடியைப் போட்டால் வாமி பாரை அழுத்தும்போதெல்லாம் உரசியது. மூடியைப் போடாமலே வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. நல்ல வேளையாக, ஓசூரில் உதிரிபாகம் கடையும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒரு சிறிய பட்டறையில் பிளாக்கைக் கொடுத்தேன், உரிமையாளர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இது எந்த வண்டியோட பார்ட்டுங்க சார்?" என்று கேட்டார். கிட்டார் என்றதும் நம்பாத பார்வையோடு மில்லிங் மிஷினில் ஏற்றி, ஸ்பிரிங் கொக்கி மாட்டும் துளைகள் கெடாதபடி 3 மி.மீ. சீவிக் கொடுத்தார். கூலி 200 ரூபாய். சீவிய முகம் கண்ணாடிபோல் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த மற்ற முகங்கள் அவ்வளவு சுத்தமில்லை.

எஃகு என்று போட்டிருப்பது எஃகுதானா என்பதற்கு ஒரு காந்தம் போதும். துத்தநாகக் கலவையிலோ பித்தளையிலோ வார்த்த பிளாக் காந்தத்தில் ஒட்டாது. இது பட்டென்று ஒட்டியது. ஆனால் புதிய பிளாக்கின் கூடுதல் எடைக்கு உலோகத்தின் அடர்த்தி மட்டும் காரணமல்ல. எஃகுக்கும் துத்தநாகக் கலவைக்கும் அடர்த்தியில் பெரிய வேறுபாடு கிடையாது. பழைய பிளாக் மிகவும் மெல்லியது, புதியது தடிமனானது. எடையைக் கூட்டுவது பெரும்பாலும் அந்தத் தடிமன்தான். எனவே உடலுக்குள் இருக்கும் குழியின் அகலத்தையும் அளந்துகொள்வது நல்லது, குழி குறுகலாக இருந்தால் தடித்த பிளாக் அசைய இடம் இருக்காது.

பொருத்துவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆறு திருகுகளையும் இறுக்கிவிடக் கூடாது. தகடு தடையின்றிச் சாயும் அளவுக்கு இரண்டு ஓரத் திருகுகளை அமைத்து, நடுவில் உள்ள நான்கையும் இன்னும் சற்றுத் தளர்வாக விட வேண்டும். ஸ்பிரிங் மாட்டும் கொக்கித் தகடான கிளாவில் பற்றவைத்திருக்கும் எர்த் ஒயர் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுந்தால் ஆம்பிளிஃபயரில் இரைச்சல் கூடிவிடும்.

தகட்டின் பின்பக்கத்தை உடலிலிருந்து 3 மி.மீ. தூக்கி மிதக்க விடுவதா, உடலோடு படிய வைப்பதா என்பதில் என் கருத்து உறுதியானது: மேடையில் வாசிப்பவர்கள் படிய வைப்பதே நல்லது. மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பி அறுந்தால், ஸ்பிரிங்கின் இழுவை மேலோங்கி மற்ற ஐந்து கம்பிகளின் சுருதியும் ஏறிவிடும். கோயில் திருவிழாக் கச்சேரியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே அறிவிப்பாளர் பேசும் அந்தச் சில நொடிகளில் அதைச் சரிசெய்ய முடியாது. படிய வைத்தால் சுருதியை மேல்நோக்கி இழுக்க இயலாது என்பது உண்மை. மெல்லிசையில் அதற்குத் தேவை எப்போதாவதுதான் வருகிறது.

பலன் என்ன என்றால், முன்பு வாமி பாரை ஆழமாக அழுத்தி விட்டபின் மூன்றாம் கம்பி ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் போய் நிற்கும். இப்போது டியூனரில் முள் இரண்டு மூன்று சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவுக்கு மேல் விலகுவதில்லை. ஆம்பிளிஃபயரில் இணைக்காமல் வாசித்தால் ஒலி சற்று நீண்டு நிற்பதை உணர முடிகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கும்போது பழையதற்கும் புதியதற்கும் என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. ஒலியே மாறிவிடும் என்று விளம்பரங்களில் சொல்வதை நம்பி இதை வாங்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. வாமி பார் அதன் துளையில் லேசாக ஆடுகிறது. மரையில் பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றியதும் ஆட்டம் நின்றுவிட்டது. தகட்டின் மேல் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சிறு துண்டுகளான சாடில்களில், ஓரத்தில் உள்ளவற்றின் உயரத் திருகுகள் தேவைக்கு மேல் நீளம், மேலே துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் குத்துகின்றன. அவை எம் 3 அளவுத் திருகுகள். அதே அளவில் குட்டையானவை வாங்கி மாற்றிக்கொள்ளலாம், 1.5 மி.மீ. ஆலன் கீ பொருந்தும். இந்த விலையில் இதையாவது தயாரிப்பாளர் கவனித்திருக்கலாம்.

ஒன்றைச் சோதித்துவிட்டு வாங்குங்கள். வாமி பாரை அழுத்தி விட்டபின் சுருதி ஒவ்வொரு முறையும் ஏறியே நின்றால், பெரும்பாலும் கம்பி சிக்குவது கழுத்தின் மேல்முனையில் உள்ள நட்டில்தான். தளர்ந்த கம்பி நட்டைத் தாண்டி முறுக்காணிப் பக்கம் நகர்ந்து, திரும்பி வராமல் அங்கேயே பிடித்துக்கொள்கிறது. நட்டின் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்தாலே பாதி நோய் தீர்ந்துவிடும். மீதிக்குப் பள்ளத்தை அரம் கொண்டு அளவாகத் தேய்க்கத் தெரிந்தவர் வேண்டும். சுருதி ஒருமுறை ஏறியும் ஒருமுறை இறங்கியும் நின்றால் பிரிட்ஜின் மீது சந்தேகப்படலாம், அப்போது இந்த 3,200 ரூபாயைச் செலவழிக்கலாம்.