வாடகை வீடு கைமாறினால்: வாய்ப்பேச்சா, எழுதிய தாளா, பதிந்த லீஸா?

வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த அனெக்ஸை விற்றுவிட்டார்கள் என்பது வாங்கியவர் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். "இந்த மாசத்துக்குள்ள எழும்பிடுங்கோ" என்றார். மனைவி உடனே கேட்டது, "ஆறு மாச அட்வான்ஸை ஆரிட்டக் கேக்கிறது?" எனக்கு அதைவிட, அலமாரியில் இருந்த ஒப்பந்தத் தாள் நினைவுக்கு வந்தது. அது எதற்கு உதவும் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் வாடகை விஷயத்துக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். அதன்படி வீடு விற்கப்பட்டது என்பதற்காக மட்டும் வாடகை முறியாது. வாங்கியவர் பழைய வீட்டுக்காரரின் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். நீங்கள் எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதில்தான் வித்தியாசமே.

வாய்ப்பேச்சில் இருப்பவர் மாத வாடகைக்காரர். ஒரு முழு மாத நோட்டீஸ் கொடுத்தால் அவருடைய வாடகை முடிந்துவிடும். சரி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி வைத்து ஒரு வருடத்துக்கு எழுதியவர் நிலைமை? அதுவும் ஏறத்தாழ அதேதான். பலர் ஏமாறும் இடம் இது. நானும் அதில்தான் இருந்தேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை, அதாவது லீஸை, நொத்தாரிசு (பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) முன்னிலையில் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு வருடத்தைக் காட்டி வாங்கியவரிடம் வாதாட முடியாது. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தோம் என்று காட்ட அந்தத் தாள் உதவும். ஆகவே கிழித்துப் போடாதீர்கள்.

நொத்தாரிசு முடித்த லீஸ் வேறு ரகம். இரண்டு வருடம் என்று எழுதியிருந்தால், வாங்கியவரும் அந்த இரண்டு வருடத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் நொத்தாரிசின் கையெழுத்தோடு வேலை முடியவில்லை. காணிப் பதிவகத்தில் அது பதிவாகியிருக்க வேண்டும். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டம் முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை கொடுக்கிறது. உங்கள் லீஸ் பதியாமல் கிடக்க, விலை கொடுத்து வாங்கியவர் தன் உறுதியை (வீட்டை வாங்கிய பத்திரத்தை) பதிந்துவிட்டால், அவருக்கு எதிராக உங்கள் லீஸ் செல்லாமல் போகும். முத்திரை வரிக்கும் நொத்தாரிசுக்கும் செலவழித்துவிட்டு, கடைசிப் படியில் சோம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் வெதும்பும். "பதிந்தாயிற்றா" என்று கேட்டு, பதிவு இலக்கத்தோடு பிரதியை வாங்குங்கள்.

இதிலும் சங்கடம் உண்டு. காலம் முடியுமுன் நீங்களும் நினைத்தபடி விட்டுப்போக முடியாது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, லீஸ் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க முறையில் வீட்டை மீட்கலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. எழுதிய காலம் முழுவதும் நிம்மதி, முடிந்ததும் சாவி.

கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கம் பழைய வீடுகளில் தலைமுறையாக இருப்பவர்களின் கதை தனி. அவர்களில் பலருக்கு 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் காவல். நிலைவாடகை (அந்தச் சட்டப்படி கணிக்கும் வாடகை) மாதம் 100 ரூபாயைத் தாண்டாத வீட்டை, ஆள் இருக்கும்போதே வாங்கியவர், "நான் குடியிருக்க வேண்டும்" என்ற காரணத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. வாடகையை வாங்க மறுத்தால் மாநகர சபையில் கட்டலாம். ஆனால் 1980 ஜனவரி 1க்குப் பிறகு கட்டிய குடியிருப்புகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வெள்ளவத்தை அடுக்குமாடியில் இருந்துகொண்டு அதை நம்ப வேண்டாம்.

எந்த வகையானாலும், புதியவரின் உறுதியைப் பார்த்த பிறகு வாடகையை அவருக்கே கட்டுங்கள். கோபத்தில் பழையவருக்கே கட்டிக்கொண்டிருந்தாலோ, புதியவரை ஏற்க மாட்டேன் என்றாலோ, வாடகைக்காரர் என்ற பிடியே போய்விடும். அட்வான்ஸுக்கு, விற்றவர், வாங்கியவர், நீங்கள் என மூவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை விற்பனை முடியுமுன்னரே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, பாதிதான் திரும்பி வந்தது.

நோட்டீஸ் முடிந்தாலும், பூட்டை மாற்றவோ கரண்டை வெட்டவோ அவருக்கு உரிமையில்லை. வழக்குப் போட்டுத்தான் எழுப்ப வேண்டும். பலவந்தமாக வெளியேற்றினால் பொலிஸில் முறையிடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதவான் நீதிமன்றம் போகலாம். வெளியேற்றிய நாளிலிருந்து 2 மாதத்துக்குள் வழக்குப் பதிவாக வேண்டும், அதைத் தவறவிடாதீர்கள். லோயருக்குக் காசில்லாதவர்களுக்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

வாங்கியவர் காசு தந்து எழும்பச் சொன்னால்? மாத வாடகைக்காரருக்கு அது பெரும்பாலும் நல்ல பேரம். அட்வான்ஸோடு இரண்டு மூன்று மாத வாடகையும் கேட்கலாம். பதிந்த லீஸ் உள்ளவர் அவசரப்பட வேண்டாம், பிள்ளைகளின் பள்ளிக்கூட வருடம் முடியும்வரையாவது இருங்கள். நாங்கள் இப்போது தெஹிவளையில் இருக்கிறோம். இந்த முறை அட்வான்ஸைக் குறைத்துக் கேட்டு, மிஞ்சியதில் லீஸைப் பதிந்தோம்.