அம்மாவின் கடுதாசிகளைக் கோவையிலிருந்து பார்த்துக்கொள்வது: நான்கு வருடத்துக்கு மேலான அனுபவம்

அப்பா சென்னை பெரம்பூரில் ரயில்வேயின் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2021-ல் அவர் காலமான பிறகு வியாசர்பாடி வீட்டில் அம்மா மட்டும்தான். கோவைக்கு வந்துவிடு என்றால் கேட்க மாட்டார். அந்தத் தெருவும் மேல்வீட்டுக் குடித்தனக்காரர்களும் போதும் அவருக்கு. சரி, தாள் சம்பந்தப்பட்டது எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் ஆணியில் ஒரு வளைந்த கம்பி தொங்கும். கரண்ட் பில், வரி ரசீது, வங்கிக் கடிதம், கல்யாணப் பத்திரிகை என்று வந்ததையெல்லாம் அப்பா அதில்தான் குத்தி வைப்பார். ஒவ்வொன்றாக உருவி எடுத்தபோது, குடும்ப ஓய்வூதியத்துக்குத் தேவையான ஒரு தாளில் கம்பி சரியாக எண்ணின் மேலேயே பாய்ந்திருந்தது. அது ஏழா ஒன்றா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

முதல் ஏற்பாடு எளிமையானது. எந்தத் தபால் வந்தாலும் மேல்வீட்டுப் பெண் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். உறையையும் சேர்த்து எடுக்கச் சொன்னேன், ஏனென்றால் கடிதம் எப்போது வந்தது என்பதற்கு முத்திரைதான் சாட்சி. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதால் எங்கள் தபால் நாலு வீடு தள்ளிப் போவதும் உண்டு. இரண்டு எண்ணையும் எழுதிக் கதவருகே மாட்டிய பிறகுதான் அது குறைந்தது.

வருடா வருடம் வயிற்றைக் கலக்குவது, ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் நவம்பர் மாத உயிர்வாழ் சான்றுதான். முதல் வருடம் ஒரு சேவை மையத்துக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். அறுபது வருடம் பாத்திரம் தேய்த்த கை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் ரேகை விழவில்லை. அம்மா கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அடுத்த வருடத்திலிருந்து ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிச் செய்கிறோம். 2021 நவம்பரில் வந்த வசதி இது. வீட்டு வாசலில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து, கண்ணை இமைத்தால் ஐந்து நிமிட வேலை. மேல்வீட்டுப் பெண் போனைப் பிடிப்பாள், நான் வீடியோ அழைப்பில் இருப்பேன். போன் பழக்கமில்லாத வீடு என்றால், 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்து தருவார். 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1 முதலே வாய்ப்பு உண்டு. நவம்பர் நெரிசலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்வேன்: சான்றுக்கான பிரமாண் எண் வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். ஓய்வூதியம் தரும் இடம் அதை ஏற்றுக்கொண்டதா என்று நிலையையும் பாருங்கள்.

80 வயது நிறைந்தால் குடும்ப ஓய்வூதியத்தோடு 20 சதவீதம் கூடுதலாகச் சேரும், 85-ல் அது 30 ஆகும். அம்மாவுக்கு 80 ஆகி மாதங்கள் ஓடின, தொகை ஏறவில்லை. ஓய்வூதிய ஆணையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அம்மாவின் பிறந்த தேதி இருக்க வேண்டிய கட்டம் காலி. ஆதார், பான் நகல்களோடு மனு கொடுத்துச் சரிசெய்து நிலுவையையும் வாங்கினோம். வீட்டில் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர் இருந்தால் இன்றைக்கே அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

மற்றவை சுலபம். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் கெடு. மாநகராட்சி வீட்டுவரியை அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. குடிநீர் வாரியத்தின் வரி தனி. அது தெரியாமல் முதல் வருடம் விட்டு, நோட்டீஸ் வந்த பிறகு கட்டினேன்.

நான் செய்த பெரிய தவறு வேறு. ஓடிபிக்கு அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வங்கிக் கணக்கில் இருந்த அவர் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைக் கொடுத்தேன். மாதம் பிறந்ததும் பென்ஷன் வந்த செய்தி அவர் போனுக்கு வரவில்லை. இரண்டு மாதம் ஒன்றும் சொல்லாமல் இருந்து, ஒருநாள் கேட்டார்: "இன்னா வந்தாலும் உன் போனுக்கே வந்துச்சுன்னா, நான் இங்க எதுக்கும்மா?" எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரமே சேரன் எக்ஸ்பிரஸில் போய் எண்ணைத் திருப்பி மாற்றினேன். ஓடிபி வேண்டுமென்றால் இப்போது போன் போட்டு, எதற்கு என்று சொல்லிக் கேட்கிறேன். அந்தப் பழக்கம் நல்லதாகப் போயிற்று. "இன்றிரவு 9.30-க்குக் கரண்ட் கட்" என்று ஒருநாள் மோசடிச் செய்தி வந்தபோது, அதில் இருந்த எண்ணைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்த வீட்டுப் பத்திரம் ஊறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. என்னிடம் இருந்த படத்தில் பத்திர எண்ணும் ஆண்டும் தெளிவாக இருந்ததால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க முடிந்தது. அசல்களெல்லாம் இப்போது பிளாஸ்டிக் உறையில், பீரோவின் மேல்தட்டில்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வாரத் தபால்களை அம்மா போனில் எனக்குப் படித்துக் காட்டுவார். படம் முன்பே வந்திருக்கும், இருந்தாலும் கேட்பேன். எதைக் கட்ட வேண்டும், எதைக் கிழித்துப் போடலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம். பணம் கட்டியானதும் ரசீதை அச்செடுத்து வாங்கி, அப்பாவின் கம்பியில் அம்மாவே குத்தி வைக்கிறார். எண் இருக்கும் இடம் பார்த்து, ஓரமாக.