மூன்று ஆண்டுகள் ஒரே எக்செல் தாளோடு: புதுச்சேரி பாரில் கூட்டத்தையும் செலவையும் கணித்த அனுபவம்

அக்கா கணவர் 2022 ஜூலையில் புதுச்சேரியில் மாடியில் ஒரு லவுஞ்ச் பார் திறந்தார். கணக்கு வழக்கு முழுக்க என் பொறுப்பு. எத்தனை பேர் வருவார்கள், ஒருவர் எவ்வளவு செலவழிப்பார் என்று கணிக்க நான் வைத்திருக்கும் எக்செல் தாளை மூன்று ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறேன். கடை போடத் திட்டமிடுவோருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதித் தந்தவர் போட்ட கணக்கு ஒரே வரிதான்: 48 இருக்கை, நாளுக்கு இரண்டு சுற்று, தலைக்கு 600 ரூபாய், ஆக நாளொன்றுக்கு 57,600. அதை நம்பித்தான் ஆளெடுத்தோம், சரக்கு இறக்கினோம். முதல் மூன்று மாதத்தில் திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு 30 பேர், வெள்ளி 60, சனி 90, ஞாயிறு 65 என்ற அளவில்தான் வந்தார்கள். சராசரி 48. ஆனால் 48 பேர் வந்த நாள் அந்த மூன்று மாதத்தில் ஒன்றுகூட இல்லை. செவ்வாயன்று பணியாளர்கள் சும்மா நின்றார்கள். சனியன்று அதே பணியாளர்களால் சமாளிக்க முடியவில்லை. சராசரியை நம்பிக் கடை நடத்தக் கூடாது என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

அன்றிலிருந்து தாளில் ஏழு கிழமைக்கு ஏழு பத்தி, மணிக்கு ஒரு வரி. சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். வெள்ளி மாலை வேலை முடித்துக் கிளம்புகிறவர் எங்கள் படியேற ஒன்பதரை மணியாகிவிடும். ஞாயிறன்று அவர்களே மதியம் வந்து, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். 'வார இறுதி' என்று ஒரே எண்ணாக எழுதினால் இந்த வித்தியாசம் மறைந்துபோகும்.

திறப்பதற்கு முன் நாங்கள் செய்த ஒரு வேலை இன்றும் பயன் தருகிறது. எங்கள் தரத்திலேயே உள்ள இரண்டு பார்களுக்கு எதிரே உட்கார்ந்து, செவ்வாய், வெள்ளி, சனி மூன்று நாளும் மாலை ஆறு முதல் பதினொன்று வரை உள்ளே போகிறவர்களை எண்ணினோம். கட்டைவிரலால் அழுத்த அழுத்த எண் கூடும் சின்னக் கருவி போதும். கூடவே சிலருடைய சட்டை நிறத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அவர்கள் வெளியே வரும்போது மீண்டும் குறித்தோம். எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்பது இப்படித்தான் தெரிந்தது. திட்ட அறிக்கை வருவதற்குள் இந்தத் தாள்கள் கையில் இருந்தும், அறிக்கையோடு ஒப்பிடாமல் விட்டது பெரிய தவறு. கைபேசி வரைபடத்தில் தெரியும் நெரிசல் பட்டைகள் எந்த நேரம் கூட்டம் என்று மட்டும் சொல்லும். எத்தனை பேர் என்று சொல்லாது. தெருவில் நடந்துபோகிறவர்களின் எண்ணிக்கையும் மாடிக் கடைக்கு உதவவில்லை.

அடுத்தது இருக்கை. 12 மேசை, மேசைக்கு நான்கு நாற்காலி. இரண்டு பேர் வந்து ஒரு மேசையைப் பிடித்தால் மற்ற இரண்டு நாற்காலியும் போயிற்று. சனி இரவு மேசை காலியில்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிய நேரத்தில் எண்ணிப் பார்த்தால் உள்ளே 28 பேர்! நான்கு மேசைகளை எடுத்துவிட்டு, இருவர் அமரும் எட்டு மேசைகள் போட்டோம். நாற்காலி அதே 48தான். சனிக்கிழமை விற்பனை அந்த மாதமே ஏறியது.

செலவுக் கணக்கில் எங்களை ஏமாற்றியது பில். மேசைக்கு ஒரு பில் என்பதால், பில் சராசரியைத் தலைக்குச் செலவு என்று எடுத்துக்கொண்டிருந்தோம். பில் மென்பொருளில் ஆள் எண்ணிக்கைக்கு இடம் உண்டு. ஆனால் எல்லாரும் '1' என்றே தட்டிவிடுவார்கள். இதைச் சரிசெய்தவர் எங்களிடம் வேலை பார்க்கும் கடலூர்ப் பெரியவர். ஆர்டர் சீட்டின் மூலையில் தலைக்கு ஒரு கோடு போடுவார். குடிக்காதவருக்குக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். ஒரு மாதச் சீட்டுகளைக் கூட்டினேன். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வட்டம் இருந்தது. வண்டி ஓட்ட வேண்டியவர், நண்பர்களோடு பேச மட்டும் வந்தவர், மனைவியோ தங்கையோ கூட வந்தவர். அவர்களுக்கு எங்களிடம் இருந்தது தண்ணீரும் சோடாவும்தான். நல்ல எலுமிச்சை சோடா, பழச்சாறு, காளான் வறுவல் எல்லாம் அதன்பின் வந்தவை. இன்று உள்ளூர்க்காரருக்கு 520, வெளியூர்க்காரருக்கு 750 என்று தனித்தனியாகப் போடுகிறேன்.

சரக்கை வைத்தும் சரிபார்ப்பேன். 750 மில்லி பாட்டிலில் 30 மில்லி பெக் 25 வரும். சிந்துவதற்கு ஒன்றைக் கழித்து 24 என்று வைக்கிறேன். காலி பாட்டிலும் பில்லும் ஒத்துப்போகாத நாளில் எண்ணிக்கையை நம்புவதில்லை.

தாளில் கடைசியாகச் சேர்த்தது தமிழ் மாதம். முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும். புரட்டாசியில் கோழி விற்பனை இறங்கி கோபி ஏறும். தலைக்குச் செலவு குறையும். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்கள் மகரஜோதி முடியும்வரை வரமாட்டார்கள். அதே நாட்களில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என வெளியூர்க் கூட்டம் குவிவதால், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் உள்ளூர்க்காரர் குறைந்ததே தெரியாது. அக்டோபர் 2 போன்ற விடுமுறை நாட்களோடு, 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரமும் மூடினோம். அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த வாரம் முழுக்கத் தாளில் பூஜ்யம்தான். இப்போது ஆண்டுக்கு 340 நாள் என்றே கணக்குப் போடுகிறேன்.

மாமா இப்போது காலாப்பட்டுப் பக்கம் இரண்டாவது இடம் பார்க்கிறார். கார்த்திகையிலேயே எண்ணத் தொடங்கலாமா என்று கேட்டார். தை பிறந்து, மாலை இறங்கியவர்கள் திரும்பி வரட்டும், பிறகு மூன்று வாரம் எண்ணுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.