மும்பை ஹாஃப் மாரத்தான்: பி.பி. அடிக்க நினைப்பவர்கள் வேறு ஊர் பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.பி., அதாவது 'பர்சனல் பெஸ்ட்', அடிக்க வேண்டும், சொந்த நேரத்தில் நாலு நிமிடம் குறைக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் கணக்குப் போட்டு ஓடுபவர்களுக்கு டாடா மும்பை மாரத்தான் சரிப்படாது. தொடக்கத்தில் கூட்டம் விடாது, நம் வேகத்தை நம் முன்னால் ஓடுபவரின் முதுகுதான் தீர்மானிக்கும். கால் ஓய்ந்துபோகிற நேரமாகப் பார்த்து ஒரு மேடு வரும். கடற்காற்றின் பிசுபிசுப்பு கடைசி வரை கூடவே வரும். நான் சென்னையில் பெசன்ட் நகர்ப் பக்கம் ஓடிப் பழகியவன், ஐம்பதைத் தாண்டியவன், 21 கிலோமீட்டர் ஹாஃபை இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிக்கிற ரகம். என் கருத்தையும் அந்த வேகத்தில் வைத்தே படியுங்கள்.

நான் ஓடியது 2025 ஜனவரி 19 அன்று, மும்பை மாரத்தானின் இருபதாவது பதிப்பில். 2004-இல் தொடங்கியது, இப்போதெல்லாம் ஜனவரி மூன்றாம் ஞாயிறு என்று நிலைத்துவிட்டது. முழு மாரத்தான் தென் மும்பையில் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்தின் எதிரில் தொடங்கும். ஹாஃப் தொடங்குவது அங்கே இல்லை, வடக்கே மாஹிமில். முடிவது மட்டும் எல்லோருக்கும் சி.எஸ்.எம்.டி. பக்கம்தான். இதைக் கவனிக்காமல் வெளியூர்க்காரர்கள் பலர் சி.எஸ்.எம்.டி.யை ஒட்டிய கோட்டைப் பகுதியில் காசைக் கொட்டி அறை எடுக்கிறார்கள். ஹாஃப் ஓடுகிறவர்கள் தாதர், மாட்டுங்கா, மாஹிம் பக்கம் தங்குவதுதான் புத்தி.

எனக்கு மாட்டுங்காவில் அத்தை வீடு இருக்கிறது. "காசும் கட்டி, காலையும் ஒடிச்சுக்கணுமாடா?" என்று கேட்டபடியே சனிக்கிழமை ராத்திரி தயிர்சாதம் பிசைந்து வைத்தாள். ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி அதைவிட வயிற்றுக்கு நல்லது எதுவும் கிடையாது. பாஸ்தா சாப்பிடச் சொல்லும் பயிற்சியாளர்கள் மன்னிக்கவும்.

பிப், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை, வாங்க பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் நடக்கும் எக்ஸ்போவுக்கு அடையாள அட்டையுடன் போக வேண்டும். ஓட்டத்தன்று காலையில் கிடைக்காது, அதனால் வெளியூர்க்காரர்கள் சனிக்கிழமைக்குள் ஊர் வந்து சேர்ந்தாக வேண்டும். எக்ஸ்போவில் மற்றபடி ஷூ கடை, ஜெல் கடை, செல்ஃபி. வேகமாகக் கடந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைக்கு டாக்ஸியை நம்பாதீர்கள். ஒரு செயலியில் முந்தின இரவே பதிவு செய்திருந்தேன், நாலு மணிக்கு ரத்து என்று செய்தி வந்தது. சாலைகளை மூடிவிடுவதால் எந்த ஓட்டுநரும் வரத் தயங்குவார் என்பதும் உண்மை. லோக்கல் ரயில் இருக்கும்போது டாக்ஸி எதற்கு? மாரத்தானுக்கென்று ரயில்வே சிறப்பு லோக்கல்களும் விடுகிறது. மாட்டுங்கா ரோடு நிலையத்துக்கு நடந்து போய் ஏறினேன், அடுத்த ஸ்டேஷனே மாஹிம். பெட்டி முழுக்க பிப் குத்திய ஆட்கள், காலில் தடவிய தைல வாசனை.

தொடக்கம் ஐந்து மணி வாக்கில். நம் பழைய நேரச் சான்றிதழைப் பார்த்துத்தான் எந்தப் பிரிவில் நிற்க வேண்டும் என்று ஒதுக்குகிறார்கள், அதனால் பதிவு செய்யும்போது இருப்பதிலேயே நல்ல சான்றிதழைக் கொடுங்கள். பின் பிரிவில் மாட்டினால் முதல் இரண்டு கிலோமீட்டர் ஊர்வலம்தான்.

அப்புறம் சீ லிங்க். பாந்த்ராவையும் வொர்லியையும் கடல் மேல் இணைக்கும், 2009-இல் திறந்த ஐந்தரை கிலோமீட்டர் பாலம், நடப்பவர்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் அனுமதி கிடையாது. காலால் மிதிக்கக் கிடைக்கிற வாய்ப்பு என்றே பலர் இந்த ஓட்டத்துக்கு வருகிறார்கள். நானும் அப்படித்தான். ஆனால் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஜனவரியில் மும்பையில் பொழுது விடிய ஏழேகால் ஆகிவிடும், சென்னை மாதிரி ஆறரை இல்லை. ஹாஃப் ஓடுபவர்கள் பாலத்தில் ஏறும்போது கும்மிருட்டு. விளக்கொளியில் மேலே கம்பிவடங்கள் தெரியும், கீழே கடல் இருக்கிறது என்பது காற்றிலும் உப்பு வாசனையிலும்தான் தெரியும். இணையத்தில் பார்க்கிற அந்தச் சூரியோதயப் படங்கள் முழு மாரத்தான்காரர்கள் எடுத்தவை. நிதானமாக ஓடுகிற முழு மாரத்தான்காரர்களுக்குத்தான் பாலத்தில் விடியும். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் ஆயிரக்கணக்கான ஷூக்கள் தார் மேல் விழும் சத்தம் மட்டும் கேட்கிற அந்த இருட்டு வேறெங்கும் கிடைக்காது. பாலத்தில் பார்வையாளர்கள் கிடையாது, கைதட்டல் கிடையாது. பேசிக்கொண்டு வந்தவர்கள்கூட அங்கே அடங்கிவிட்டார்கள்.

வொர்லி, ஹாஜி அலி எல்லாம் சமதரை. தண்ணீருக்குக் குறையில்லை. ஹாஜி அலி தாண்டியதும் பெடர் ரோடு, மேடு அங்கே ஆரம்பம்.

பெரிய மலை ஒன்றும் இல்லை. திருப்பரங்குன்றம் படியேறியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பதினாலு கிலோமீட்டர் ஓடிய காலுக்கு அது போதும். ஹாஃப்காரர்களுக்கே இப்படி என்றால், முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டு வெயிலோடு இதில் ஏறும் முழு மாரத்தான்காரர்களை நினைத்துப் பாருங்கள். கட்டிய கட்டணம் எனக்கு வசூலானதும் இங்கேதான். தெருவே வாசலுக்கு வந்து நிற்கிறது. உப்பு தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, ஆரஞ்சுச் சுளை, பார்லே-ஜி, கடலை மிட்டாய் என்று தட்டுத் தட்டாக நீட்டுகிறார்கள். ஒரு பாட்டி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கிண்ணத்தில் வெல்லம் வைத்திருந்தார். இரண்டு பையன்கள் வலி ஸ்ப்ரேயுடன் காத்திருந்து, கேட்காமலேயே கெண்டைக்காலில் அடித்துவிட்டார்கள். பிப்பில் பெயர் அச்சாகி இருப்பதால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் பெயரில் ஒரு ழ உண்டு. அதை வாசிக்கப் பார்த்து நாக்கு சுளுக்கி, கடைசியில் "சலோ அங்கிள், பஸ் தோடாஸா!" (வாங்க அங்கிள், இன்னும் கொஞ்சம்தான்!) என்று முடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன அந்தத் தோடாஸாவுக்குப் பிறகு இன்னும் ஆறு கிலோமீட்டர் பாக்கி இருந்தது.

லதா மங்கேஷ்கர் வாழ்ந்த பிரபு குஞ்ச் கட்டடம் இந்தச் சாலையில்தான். இங்கே மேம்பாலம் கட்டும் யோசனை வந்தபோது எதிர்த்துக் குரல் கொடுத்த குடியிருப்பாளர்களில் அவரும் ஒருவர். போக்குவரத்துக்கு அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. மேம்பாலம் வந்திருந்தால் ஓட்டக்காரன் தலைக்கு மேல் கான்கிரீட்தான் இருந்திருக்கும், பால்கனியில் நின்று கையசைக்கிறவர்களைப் பார்த்திருக்க முடியாது.

கெம்ப்ஸ் கார்னர் இறங்கி சௌபாத்தி வந்தால் மரைன் டிரைவ், அப்போதுதான் வெளுக்கிறது. அங்கே என் வேகத்துக்கு ஒரு பரிசு கிடைத்தது. சர்வதேச வீரர்களின் மாரத்தான் ஏழு மணி தாண்டித்தான் கிளம்பும். நாம் சி.எஸ்.எம்.டி. நோக்கிப் போகும்போது அவர்கள் எதிர்ப்பக்கச் சாலையில் வருவார்கள். சத்தமே இல்லாமல் ஒரு கூட்டம் கடந்து போனது, திரும்பிப் பார்ப்பதற்குள் காணோம். அன்று ஆண்களில் முதலாவதாக வந்த எரித்ரியாவின் பெர்ஹானே டெஸ்ஃபேயின் நேரம் 2 மணி 11 நிமிடம் 44 விநாடி. எனக்கு ஹாஃப் ஆன நேரத்துக்குள் அவர் முழுதையும் முடித்துவிட்டுக் குட்டித் தூக்கமும் போட்டிருக்கலாம். சீக்கிரம் ஓடி முடிக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது!

குடும்பத்தோடு போகிறவர்கள் மற்றவர்களை 'ட்ரீம் ரன்'னில் சேர்த்துவிடலாம். ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஓட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேஷம் கட்டிக்கொண்டும் வாசகம் எழுதிய அட்டை பிடித்துக்கொண்டும் போகிற கூட்டம் அது. ஓட்டத்தை முடித்துவிட்டு அவர்களை வேடிக்கை பார்க்கலாம் என்று நான் நினைத்தது நடக்கவில்லை, அந்தக் கூட்டத்தில் மெடலும் கையுமாக நகர்வதே பெரும்பாடு.

ஊர் திரும்ப ஞாயிறு மதியத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். சாலைகள் திறந்து ஊர் பழைய நிலைக்கு வர நேரமாகும். மாலை வண்டியாக இருந்தால் சி.எஸ்.எம்.டி.யிலேயே ஸ்லோ லோக்கல் ஏறி மாட்டுங்காவில் இறங்கலாம். நிலையத்தை ஒட்டியே 1942 முதல் இருக்கும் ராமா நாயக் உடுப்பி சாப்பாட்டுக் கடை. வாழை இலை, ரசம், பூரி, அளவில்லாத சோறு. ஞாயிறன்று வரிசை இருக்கும், நிற்கலாம். கடை முதல் மாடியில் இருக்கிறது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக ஏறுங்கள்.