பிக்தாலின் ஆங்கிலக் குர்ஆன்: வாங்கலாமா?

1930-இல் வெளியான, ஆங்கிலேய முஸ்லிம் எழுத்தாளர் மர்மடியூக் பிக்தாலின் மொழிபெயர்ப்பு தலைப்பிலேயே தன்னைக் குர்ஆனின் 'பொருள்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. மொழிபெயர்ப்பு மூலமாகிவிடாது என்பதால், நேர்மைதான்.

'தௌ' (thou, ஒருமை 'நீ'), 'யீ' (ye, பன்மை 'நீங்கள்') என்ற பழைய ஆங்கில நடை பலரை விரட்டும். ஆனால் பலனும் அதில்தான். 65:1 (65-ஆம் அத்தியாயம், முதல்) வசனம் நபியை ஒருமையில் விளித்துவிட்டு, வினையில் பன்மைக்குத் தாவுகிறது. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவான இன்றைய 'யூ'வில் (you) அந்தத் தாவல் மறைந்துபோகும். இவர் 'யீ' போட்டு, 'ஆண்கள்' என்பதை அடைப்புக்குறிக்குள் வைக்கிறார். சேர்த்தது எது என்பது தெரிகிறது.

கைநழுவியது இருமை, அதாவது இருவரை மட்டும் குறிக்கும் அரபுச் சொல்வடிவம். 55-ஆம் அத்தியாயத்தில் 31 முறை வரும், 'உங்கள் இறைவனின் அருட்கொடைகளில் எதை மறுப்பீர்கள்?' என்ற கேள்வி இரு தரப்பை நோக்கியது. மனிதரும் ஜின்களும் (கண்ணுக்குத் தெரியாத படைப்பினம்) என்பார்கள். ஆங்கிலத்தில் வெறும் பன்மை. தமிழிலும் இதே சிக்கல்: 31 தடவையும் 'இரு சாராரும்' என்றெழுதினால் ஓசை கனத்துவிடும்.

அடிக்குறிப்புகள் குறைவு. அரபு மூலமும் அத்தியாய முன்னுரைகளும் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.